வீடும் வேண்டும், மனம்விட்டுப் பேச ஆளும் வேண்டும்!



இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது கூலி பாக்கி, ரேஷன் அட்டை, ஊருக்குப் போகும் ரயிலில் நமக்குக் கிடைக்காத இடம் ஆகியவற்றைப் பற்றித்தான். இந்த மாதம் வேறொன்றை எழுதுகிறேன். நம்மில் பலர் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற விஷயம்: மனக்கவலை, மன நோய், அதற்கான வைத்தியம். "நமக்கென்ன பைத்தியமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் கடைசிவரை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நம் சங்கக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். அவரைக் கேட்டு, அவர் சம்மதித்த அளவுக்கே எழுதுகிறேன். நான்கு பங்களாக்களில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைப்பவர். பல மாதங்களாக அவருக்குத் தூக்கம் இல்லை. நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் தலைநகரின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவர் கணவருக்கு அன்று வேலை. எனக்கு இரவு டூட்டி முடிந்த ஓய்வு நாள். துணைக்கு நான் போனேன்.

அங்கே போனால், பதினோரு வயது மகளைப் பள்ளிக்கு லீவு போடச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். "பிள்ளையை எதற்கம்மா?" என்று கேட்டேன். "அதுக்குத்தாண்ணே இந்தி நல்லா வரும்" என்றார். அவருக்குத் தெரிந்த இந்தி ஜாடு, போச்சா, பர்தன். இருபது வருஷம் டில்லியில் வேலை செய்த பெண்ணுக்கு இந்தி தெரியாதா என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாத்திரத்துக்கும் துடைப்பத்துக்கும் போதுமான இந்தி அவருக்கு உண்டு. மனசுக்குள் இருப்பதைச் சொல்லும் இந்தியை எந்த வீட்டம்மா அவருக்குக் கற்றுக்கொடுத்தார்?

டாக்டர் இளைஞர். நல்ல மனிதர். வாசலில் நூறு பேர் நின்றார்கள். அவர் இந்தியில் கேட்டார், மகள் தமிழில் கேட்டாள், தாய் பதில் சொன்னார், மகள் இந்தியில் சொன்னாள். பசிக்கிறதா, தூக்கம் எத்தனை மணி நேரம், அழுகை வருகிறதா. பிறகு டாக்டர் கேட்டார்: செத்துவிடலாம் என்ற எண்ணம் வருவதுண்டா?

பிள்ளை டாக்டரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, உனக்கு ஊருக்குப் போகணும்னு தோணுதா?"

"தெனமும் தோணுது" என்றார் தாய்.

பிள்ளை டாக்டரிடம் திரும்பி, "நஹீ" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

இரண்டு மொழியும் தெரிந்த ஆள் அந்த அறையில் நான் ஒருவன்தான். எழுந்து போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். பிள்ளையை வெளியே அழைத்துப்போய் டீக்கடையில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நானே மொழிபெயர்க்கிறேன் என்று திரும்பி வந்தேன். அந்தச் சகோதரி தலையைக் குனிந்துகொண்டார். "உங்ககிட்ட எப்படிண்ணே சொல்றது? அவரு உங்க கூட்டாளியாச்சே" என்றார். அவர் சொன்னது நியாயம். கடைசியில் பக்கத்து வார்டிலிருந்து தமிழ் பேசத் தெரிந்த ஒரு மலையாள நர்ஸ் வந்தார். நான் வெளியேறினேன். அரை மணி நேரம் அவர்கள் மூவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அன்று கதவைத் திறந்துகொண்டு வந்த முகம், காலையில் நான் பார்த்த முகம் அல்ல. மருந்தும் பேச்சுமாகச் சிகிச்சை தொடர்கிறது. இப்போது தூங்குகிறார்.

ஆனால் ஒரு மலையாள நர்ஸ் தற்செயலாக அங்கே இருந்ததால்தான் இது நடந்தது. தற்செயலை நம்பி நம் பெண்களின் உயிரை விட முடியுமா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எல்லா ஊருக்கும் ஒரே டிக்கெட் செல்லாது

மனநோய் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது கீழ்ப்பாக்கம். டில்லிக்காரர்களுக்கு ஆக்ரா, ஷாதரா. கேலிக்கும் வசவுக்கும் இந்த ஊர்ப் பெயர்கள் பயன்படுகின்றன. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. ஷாதராவில் 1966இல் தொடங்கிய பழைய மனநோய் மருத்துவமனை, நீதிமன்றங்கள் தலையிட்டபின், 1993இல் இப்பாஸ் என்ற பெயரில் ஆராய்ச்சி நிலையமாக மாறியது. தில்ஷாத் கார்டனில் இருக்கிறது. அங்கே இன்று போகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநோயாளிகளாக வந்து, சீட்டெடுத்து, டாக்டரைப் பார்த்து, வீடு திரும்புகிறவர்கள். காய்ச்சலுக்குப் போவது போலத்தான்.

அங்கே தருவது மருந்து மட்டும் அல்ல. பேசிக் குணப்படுத்தும் வைத்தியம் என்று ஒன்று இருக்கிறது. கவுன்சலிங் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். பலர் அதை அறிவுரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "கவலைப்படாதே, கடவுள் இருக்கிறார், பிள்ளைகளைப் பார்" என்று சொல்ல யாருக்கும் படிப்பு வேண்டியதில்லை. நம் தெருவிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த வைத்தியத்துக்கு முறை உண்டு, பயிற்சி உண்டு. முக்கியமாக, அது ஒன்றல்ல, பல.

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு முதல் கேள்வி, "எங்கே போக வேண்டும்?" என்பதுதான். வருகிறவர்களுக்கெல்லாம் சென்னை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் என்னை அன்றே சஸ்பெண்ட் செய்வார்கள். மன வைத்தியத்திலும் முதல் கேள்வி அதுதான். வந்திருப்பது யார்? அவர் எங்கே நிற்கிறார்? எந்த மொழியில் அழுகிறார்?

வியன்னாவில் ஃபிராய்டு வகுத்த முறையில் நோயாளி சாய்வு நாற்காலியில் படுத்து, வாரத்தில் பல நாள், நாளைக்கு ஒரு மணி நேரம், வருஷக்கணக்கில் பேச வேண்டும். நான்கு வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு இது நடக்கிற காரியமா? இந்தக் குறையை ஃபிராய்டே அறிந்திருந்தார். 1918இல் புடாபெஸ்ட் மாநாட்டில் பேசியபோது, ஏழைக்கும் மன வைத்தியம் பெற உரிமை உண்டு, அது இலவசமாகக் கிடைக்கும் காலம் வர வேண்டும், அப்போது வைத்திய முறையையும் மாற்றி அமைக்க வேண்டியிருக்கும் என்றார். 1920இல் அவருடைய சீடர்கள் பெர்லினில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற டாக்டர் குறுகிய கால முறை ஒன்றை உருவாக்கினார். மனத்தில் தானாக எழும் எண்ணங்களை எடுத்துப் பார்த்து, அது உண்மைதானா என்று சோதித்துத் திருத்துவது அந்த முறை. "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணத்துக்கு இது நல்ல மருந்து. ஆனால் "நாளை வாடகை கொடுக்கப் பணமில்லை" என்பது தவறான எண்ணம் அல்ல, உண்மை. அதற்கு வேறு வழி வேண்டும்.

ஃபனான் கற்ற பாடம்

ஆளுக்குத் தக்க வைத்தியம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் ஃபிரான்ஸ் ஃபனான். ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டத்தை அறிந்த தோழர்களுக்குப் பழக்கமான பெயர். மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர். 1953இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், பிளிதா நகர மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அவரிடம் இரண்டு வகை நோயாளிகள் இருந்தார்கள்: ஐரோப்பியப் பெண்கள் ஒருபுறம், அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் மறுபுறம். பிரான்சில் கற்றுவந்த நவீன முறையை, அதாவது குழுக் கூட்டம், விழா, கைத்தொழில் ஆகியவற்றை இரண்டு பக்கத்திலும் தொடங்கினார். ஐரோப்பியப் பெண்களிடம் நல்ல பலன் தெரிந்தது. முஸ்லிம் ஆண்களோ அசையவில்லை. கூட்டத்துக்கு வந்தார்கள், வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அல்ஜீரியர்களுக்கு மூளை மந்தம் என்று எழுதிவைத்த பிரெஞ்சு டாக்டர்கள் அந்தக் காலத்தில் உண்டு. ஃபனான் அப்படிச் சொல்லவில்லை. தவறு தன்னுடையது என்றார். தனக்கு அவர்கள் மொழி தெரியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். அவரைப் பார்த்தாலே நோயாளிக்குக் கச்சேரியும் போலீசும் நினைவுக்கு வருகின்றன. விழா அவர்கள் விழா அல்ல, பாட்டு அவர்கள் பாட்டு அல்ல. பிறகு அவர்கள் ஊர்களில் இருப்பது போன்ற காபிக்கடை ஒன்றை மருத்துவமனைக்குள்ளேயே அமைத்தார். அவர்கள் பண்டிகைகளைக் கொண்டாடினார். கதை சொல்பவரை வரவழைத்தார். ஆண்கள் பேசத் தொடங்கினார்கள். 1956இல் அவர் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு அல்ஜீரிய விடுதலைப் போரில் சேர்ந்தார். ஒரு மக்களை நசுக்கும் ஆட்சியை வைத்துக்கொண்டு, அந்த மக்களின் மனத்தை மட்டும் மருத்துவமனையில் சரிசெய்துவிட முடியாது என்பது அவர் கண்ட முடிவு.

இரண்டு பாடங்களும் நமக்கு வேண்டும். அவரவர் மொழியில், அவரவர் வழக்கத்தில் வைத்தியம் வேண்டும். வைத்தியத்தோடு நிற்காமல் நியாயமும் வேண்டும்.

வீட்டை இடித்துவிட்டு ஆறுதல் சொல்வதா?

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். "அண்ணே, ஜங்புராவில் மதராசி கேம்ப்பை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த ஜனங்களுக்கு வேண்டியது வீடா, கவுன்சலிங்கா?"

நியாயமான கேள்வி. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மே மாதம் பிறப்பித்த உத்தரவின்பேரில், பாராபுல்லா நாலாவை ஒட்டியிருந்த அந்தக் குடியிருப்பு ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று சொல்லப்பட்டது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வேலை செய்யும் வீடுகள் ஜங்புராவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும். குடியிருக்கச் சொல்வதோ நகரத்தின் வடகோடியில், நாற்பது கிலோமீட்டர் அளவு தள்ளி. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்கு எழுந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கு எப்படிப் போவார்கள்?

அந்த இரவுகளில் தூங்காதவர்களைப் பார்த்து, "உங்கள் மனத்தைச் சமநிலையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் அது அயோக்கியத்தனம். வீட்டுக்குப் பதிலாகக் கவுன்சலிங் கொடுக்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அதில் எனக்கும் தோழருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் இன்னொன்றையும் கேளுங்கள். ஜிம்பாப்வே நாட்டில் 2005இல் அரசே புல்டோசர் வைத்து நகரங்களின் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்தது. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள், குப்பையை அகற்று என்பது! ஏறக்குறைய 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ அல்லது இரண்டையுமோ இழந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணும் மனநல மருத்துவர்களே இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா, 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் ஒரு வேலையைத் தொடங்கினார். கட்டடம் இல்லை, பணம் இல்லை. இருந்தவர்கள் அந்த வட்டாரத்தில் சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 பாட்டிமார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்தின் வெளியே மர நிழலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். நட்பு பெஞ்சு என்று அதற்குப் பெயர் வந்தது.

அந்தப் பாட்டிமார்கள் ஆங்கிலப் பெயர் கொண்ட நோய்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் மொழியில் அதற்கு ஒரு சொல் உண்டு. அளவுக்கு மேல் யோசித்தல் என்று பொருள். நம் பெண்கள் "ஒரே யோசனையா இருக்கு" என்று சொல்வதேதான். வந்தவரின் பிரச்சினைகளை எல்லாம் கேட்டு, அவற்றில் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கு அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை அவரோடு சேர்ந்து முடிவு செய்கிறார்கள். அடுத்த வாரம் வந்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். மனத்தைத் திறத்தல், தூக்கி நிறுத்துதல், வலுப்படுத்துதல் என்று மூன்று படிகள். 2016இல் இதன் ஆய்வு முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு, பெஞ்சுக்கு வந்தவர்களில் ஏறக்குறைய 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 50 விழுக்காடு.

இடித்த வீட்டைப் பெஞ்சு கட்டித்தரவில்லை. ஆனால் தூக்கம் வராத பெண்ணால் மனு எழுத முடியாது, வழக்குக்கு அலைய முடியாது, சங்கக் கூட்டத்துக்கு வர முடியாது. போராடுவதற்கும் மனிதர் எழுந்து நிற்க வேண்டுமல்லவா?

யாருக்கு எது?

குடிக்கிற ஆண்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் சங்கக் கூட்டத்தில், நாற்பது பேர் முன்னிலையில், ஒரு தோழரைக் குடிகாரன் என்று சொல்லித் திட்டினேன். பெண்டாட்டி பிள்ளை நினைப்பிருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் எட்டு மாதம் சங்கத்தின் பக்கமே வரவில்லை. குடி மேலும் கூடியது. அவமானப்படுத்தினால் திருந்துவான் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. 1983இல் வில்லியம் மில்லர் என்பவர் எழுதத் தொடங்கிய முறை இதற்கு நேர் எதிரானது. "ஏன் குடிக்கிறாய்?" என்று அதட்டாமல், "குடியால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்பது. விட வேண்டும் என்ற பேச்சு அவர் வாயிலிருந்து வர வேண்டும். இன்னொன்றும் முக்கியம். நெடுநாள் தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. அவரை டாக்டரிடம்தான் முதலில் கொண்டுபோக வேண்டும், கோயிலில் கயிறு கட்டுவதெல்லாம் பிறகு.

வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு வேறு முறை. கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது நம் பஞ்சாயத்து வழக்கம். அவர் அங்கே உண்மையைச் சொன்னால் இரவில் மறுபடி அடி விழும். அவரிடம் தனியாகப் பேச வேண்டும். முதலில் உயிருக்குப் பாதுகாப்பு, பிறகுதான் மற்றதெல்லாம். அனுசரித்துப் போ என்பது வைத்தியம் ஆகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து "உன் பிரச்சினை என்ன?" என்று கேட்டால் அது சுவரைப் பார்க்கும். குழந்தை விளையாட்டில் பேசும், படத்தில் பேசும். வீட்டை இடித்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளை படுக்கையை நனைக்கிறது, பள்ளிக்குப் போக அடம் பிடிக்கிறது என்றால் அது கொழுப்பு அல்ல. அடிக்காதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

முதியவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கேட்கும் காது. ஊரில் பத்துப் பேர் கூப்பிட்டுப் பேசிய மனிதர் இங்கே நான்கு சுவருக்குள் வாயடைத்துக் கிடக்கிறார். ஆனால் மறதி கூடிக்கொண்டே போனால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சொல்பவருக்குப் பேச்சு மட்டும் போதாது. மருந்து வேண்டும். கூடவே குடும்பத்துக்கும் பயிற்சி வேண்டும். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியின் சொந்தக்காரர்களையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்க வைத்துப் பக்குவப்படுத்தினார். அதற்கு நேர்மாறாக நம் நாட்டில் என்ன நடந்தது? 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. நம்மைப் போன்ற குடும்பங்கள். வேறு வழி தெரியாதவர்கள். பின்னாளில் அந்தத் தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர் உட்கார்ந்து, துவாவோடு மருந்தும் பெறலாம் என்ற ஏற்பாடு வந்தது. நம்பிக்கையைக் கேலி செய்யாமல் மக்கள் கூடும் இடத்துக்கே வைத்தியம் போனது நல்ல காரியம். அதற்கு 28 உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

சாவைப் பற்றிப் பேசுகிறவரிடம் அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அந்தப் பயம் தவறானது. நேராகக் கேளுங்கள், பதற்றமில்லாமல் கேளுங்கள், தனியே விடாதீர்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பில் தொண்டர்கள் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவருவது இந்த வேலைதான்: கேட்பது. போலீஸ் கேஸ் ஆகுமென்று பயந்து மறைக்கவும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டப்படி, உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும். அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை.

நம்மால் முடியுமா?

"இதற்கெல்லாம் எம்.பி.பி.எஸ். படித்த ஆட்கள் வேண்டுமே" என்பீர்கள். போதுமான டாக்டர்கள் இல்லை என்பது உண்மை. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை இல்லாமல் இருப்பதாகத் தெரிந்தது. அந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

ஆனால் கோவாவைப் பாருங்கள். டாக்டர் விக்ரம் படேலும் சங்கத் என்ற அமைப்பும், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தினார்கள். கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 6 முதல் 8 சந்திப்புகள். நின்றுபோன சின்னச் சின்னக் காரியங்களை, அதாவது குளிப்பது, வெளியே போவது, பிடித்தவரிடம் பேசுவது ஆகியவற்றை, ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்க வைப்பது. 2016 இறுதியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: இந்தச் சந்திப்புகள் கிடைத்தவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினார்கள், கிடைக்காதவர்களில் 39. அளவு மீறிக் குடித்த ஆண்களுக்கு வேறு முறை, 1 முதல் 4 சந்திப்புகள். தேறியவர்கள் 36 விழுக்காடு, மற்றப் பக்கம் 26. மந்திரம் அல்ல, மாயம் அல்ல. ஆனால் நூற்றுக்குப் பத்துக் குடும்பம் என்பது கொஞ்சமா?

மூத்த நிபுணர்களின் மேற்பார்வை இருந்ததால்தான் அது நடந்தது. நாளையே நம்மில் நான்கு பேர் பெஞ்சு போட்டு உட்கார்ந்து டாக்டர் ஆகிவிட முடியாது. பயிற்சி வேண்டும், கடினமான கேஸை அனுப்ப ஆஸ்பத்திரித் தொடர்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று வேண்டும், அதில்தான் நாம் பலவீனமானவர்கள்: வாயைக் கட்டும் கட்டுப்பாடு. ஒரு வீட்டில் சொன்னது மாலைக்குள் குழாயடிக்கு வந்துவிடும் என்றால் யார் வாய் திறப்பார்கள்?

நாம் கேட்பது என்ன?

மனநல சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், சாதி, மதம், வர்க்கம், பண்பாடு பார்த்து வேற்றுமை காட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நோயாளிக்குச் சொல்ல வேண்டியதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை. கீழ்க்கண்டவற்றை அரசிடமும் நம்மிடமும் கேட்கிறோம்:

1. நரேலா உட்பட, தமிழ்க் குடும்பங்கள் உள்ள பகுதிகளின் அரசு மருத்துவ நிலையங்களில், வாரத்தில் ஒரு நாளாவது தமிழ் தெரிந்த மனநல ஆலோசகர் அமர வேண்டும். பெண்களுக்குப் பெண் ஆலோசகர் வேண்டும்.

2. எந்த மருத்துவமனையிலும் குழந்தையை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும்.

3. மாலை நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஆலோசனை கிடைக்க வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு வீட்டு வேலை போய்விடும் பெண்ணுக்குக் காலை பத்து மணி ஓ.பி. பயன்படாது.

4. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், அவர்களோடு தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் வேண்டும்.

5. நம் சங்கத்திலிருந்து ஆறு பெண்களையும் நான்கு ஆண்களையும் தேர்ந்தெடுத்து, அரசு மனநல நிலையத்தின் மேற்பார்வையில் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாதவர் என்பதே முதல் தகுதி.

6. இடிக்கப்பட்டவர்களின் வீட்டுக் கோரிக்கை இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கிறது. அதைக் கைவிட்டு மற்றவற்றைப் பெற நாம் தயாரில்லை.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. 20 மொழிகளில் தமிழும் உண்டு. இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அந்தப் பதினோரு வயதுப் பிள்ளையைப் போன வாரம் பார்த்தேன். "மாமா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன்னு அம்மா கோவமா இருக்காங்களா?" என்று கேட்டாள். இத்தனை மாதமாக அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். உன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு மாதாந்திரக் கூட்டத்தில் மேற்கண்ட தீர்மானத்தை முன்மொழிகிறேன். பெண்கள் அவசியம் வர வேண்டும். முதலில் பேசவும் வேண்டும்.